மூணு நாள் நிறுத்துனா பேட்டரி காலி: புதுசு வாங்குறதுக்கு முன்னாடி

கேள்வி: வணக்கம் அண்ணா, தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதுறேன். அப்பா ஓட்டிட்டு இருந்த 1998 கொரோலா இப்ப என்கிட்ட இருக்கு, சனி ஞாயிறு மட்டும்தான் எடுப்பேன். நாலு மாசம் முன்னாடிதான் புது பேட்டரி போட்டேன், அப்படியும் மூணு நாள் நிறுத்திட்டா சாவியைத் திருப்புனா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான் வருது. இன்னொரு வண்டி பேட்டரியில இருந்து ஜம்ப் பண்ணா உடனே ஸ்டார்ட் ஆகுது. பேட்டரி கடையில கேட்டா ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) போயிடுச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க. மச்சான் பெரிய பேட்டரியா போடுன்னு சொல்றான். காவடிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும், எதை வாங்குறது?

பதில்: இப்போதைக்கு ரெண்டையும் வாங்காதீங்க தம்பி. சொன்ன ரெண்டு பேருமே எதையும் அளந்து பாக்கல. டேங்குக்குக் கீழ குழாய் சொட்டிட்டே இருக்கும்போது பெரிய டேங்க் வாங்கி என்ன ஆகப்போகுது, மூணு நாள்ல காலியாகுறது அஞ்சு நாள்ல காலியாகும், அவ்ளோதான்.

முதல்ல ஹார்டுவேர் கடையில சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு வாங்குங்க, 10 ஆம்பியர் ஓட்டை இருக்குறதா பாத்து. பேட்டரியை ராத்திரி சார்ஜர்ல போட்டுட்டு, சார்ஜரைக் கழட்டி சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தா 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். 12.2 காட்டுனா பாதிதான் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு அளங்க, 13.8ல இருந்து 14.5க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது. கடைக்காரர் சொன்னது அங்கயே பாதி அடிபட்டுடும். முழுசா இல்ல, ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப மெயின் வேலை. வண்டி தூங்கும்போது எவ்ளோ கரண்ட் குடிக்குதுன்னு பாக்கணும். பேட்டரியைக் கழட்டி மாட்டுனா ரேடியோ ரகசிய நம்பர் கேக்குற வண்டின்னா அந்த நம்பரை முதல்லயே எழுதி வச்சுக்கோங்க. சாவியை எடுத்துட்டு நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழட்டுங்க, மீட்டரோட சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி ஒரு முனையை கிளாம்ப்லயும் இன்னொண்ணை பேட்டரியோட நெகட்டிவ்லயும் வைங்க. அலாரம் ஊரைக் கூட்டுற மாதிரி கத்தும், பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிடாதீங்க, மீட்டர் பியூஸ் போயிடும். கதவெல்லாம் சாத்தி, ராத்திரி எப்படி விடுவீங்களோ அதே மாதிரி ரிமோட்ல அலாரத்தையும் போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ (மீட்டர்ல 0.05) இருந்தா பிரச்சனை இல்ல.

உங்க வண்டியில 300 மில்லி ஆம்பியர் (0.30) காட்டுதுன்னு வைங்க. ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் அவருக்கு (Ah, பேட்டரி கொள்ளளவைச் சொல்ற அளவு) மேல போகுது, உங்க பேட்டரி 45 ஆம்பியர் அவர்னா மூணு நாள்ல பாதி காலி. டிக்கியில எரியிற 5 வாட் பல்ப் ஒண்ணு அணையாம இருந்தாலே 400 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 ஆம்பியர் அவர். அதனால டிக்கி லைட், கப்பிஹோல் (டாஷ்போர்டுல இருக்குற சின்னப் பெட்டி) லைட் ரெண்டையும் முதல்ல பாத்துடுங்க. மூடுனப்புறம் அணையுதான்னு எப்படிப் பாக்குறதுன்னு கேட்டா, போன்ல வீடியோ ஓடவிட்டு உள்ள வச்சு மூடுங்க.

அதுல இல்லைன்னா பியூஸை ஒண்ணொண்ணா உருவுங்க, டாஷ்போர்டு கீழ இருக்குறது, பானட்டுக்குள்ள இருக்குறது ரெண்டும். எதை உருவுனா மீட்டர் நம்பர் டக்குன்னு இறங்குதோ அந்த லைன்லதான் திருடன் இருக்கான். எதை உருவுனாலும் இறங்கலைன்னா சந்தோஷப்படுங்க, தேட வேண்டிய இடம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. நம்ம நாட்டுல கார் திருட்டுக்குப் பயந்து ஒவ்வொரு ஓனரும் அலாரம், இம்மொபிலைசர், டிராக்கர்னு எதையாவது மாட்டிட்டே இருப்போம், வண்டியை விக்கும்போது எவனும் கழட்டுறது இல்ல. அதெல்லாம் பெரும்பாலும் ஸ்டீரிங் கீழ இருக்குற வயர்ல தனியா இணைச்சது, பியூஸ் பாக்ஸ் வழியா வராது. எங்க மாமா டொயோட்டா டாஸ் கார் வச்சிருந்தாரு, ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி வாங்குனாரு, கடைசியில பாத்தா முந்தின ஓனர் சந்தா கட்டாம விட்ட டிராக்கர் ஒண்ணு டாஷ்போர்டுக்குப் பின்னாடி உக்காந்து சிக்னல் தேடிட்டே இருந்துச்சு. மாமிகிட்ட இன்னைக்கும் அந்தக் கதையைக் கேட்டா சிரிக்க மாட்டாங்க. ஒண்ணு மட்டும் கவனம், நீங்க காசு கட்டுற டிராக்கரா இருந்தா கம்பெனிக்கு போன் பண்ணாம கழட்டாதீங்க, இன்சூரன்ஸ் பாலிசியிலயே டிராக்கர் இருக்கணும்னு போட்டிருக்கலாம்.

ஆல்டர்னேட்டர் விஷயம். உள்ள இருக்குற டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பார்ட்) கெட்டுப்போனா ஓடும்போது ஓரளவு சார்ஜ் பண்ணும், நிறுத்துனதும் கரண்ட் அது வழியாவே பின்னாடி கசியும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்குற தடி வயரை எடுத்து டேப் சுத்திட்டு திரும்ப அளங்க. நம்பர் விழுந்தா கடைக்காரர் சொன்னது சரிதான், குருட்டு அதிர்ஷ்டத்துல. அப்பவும் முழுசா மாத்தணும்னு இல்ல, டயோடு பிளேட் மட்டும் மாத்தித் தர்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்காங்க.

இன்னொண்ணு, எல்லாம் சரியா இருந்து 50 மில்லி ஆம்பியர் மட்டும் குடிச்சாலும் வாரத்துக்கு 8 ஆம்பியர் அவர் போயிடும். பக்கத்துக் கோயில் வரைக்கும் பத்து நிமிஷம், ரோபோ ரோபோவா (டிராபிக் லைட்டுக்கு லைட்) நின்னு ஓட்டுனா அது திரும்ப ஏறாது. வாரம் ஒரு தடவை நல்லா அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டுங்க, இல்ல சார்ஜர்ல போடுங்க. ஈயப் பேட்டரியை அடிக்கடி அடிமட்டத்துக்கு இறக்குனா உள்ள பிளேட்ல சல்பேட் படிஞ்சு புதுசும் செத்துடும்.

இதெல்லாம் கை வராதுன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்டயே போங்க, பேட்டரி கடைக்கு வேணாம். வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் கேளுங்க, கழட்டுன பழைய பார்ட்டையும் கேளுங்க. ரெண்டுமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல உங்களுக்கு உள்ள உரிமை.

கேள்வி: ரெண்டு மாசம் முன்னாடி டீலர்கிட்ட பழைய கார் வாங்குனேன், பேட்டரி தினமும் இறங்குது. பேப்பர்ல ஃபுட்ஸ்டூட்ஸ்னு (இருக்குற நிலையிலயே விக்குறேன்னு அர்த்தம்) போட்டிருக்கு, ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாரு. உண்மையா? (ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு அக்கா)

பதில்: தொழிலா கார் விக்குறவர் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஒளிய முடியாது அக்கா. மேல சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008ஆம் வருஷத்து 68ஆம் நம்பர் சட்டத்துல 56ஆவது பிரிவுப்படி, வாங்கி 6 மாசத்துக்குள்ள குறை வந்தா ரிப்பேரா, மாத்தித் தர்றதா, பணமான்னு வாங்குனவங்க கேக்கலாம். ரிப்பேர் பண்ணி 3 மாசத்துக்குள்ள அதே குறை திரும்ப வந்தா மாத்திக் குடுக்கணும் இல்ல பணத்தைக் குடுக்கணும். ஆனா "இந்த வண்டியில வயரிங் கோளாறு இருக்கு"ன்னு குறிப்பா எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா கேஸ் பலவீனம், அதனால பேப்பரை இன்னொரு தடவை நிதானமா படிங்க. பக்கத்து வீட்டுக்காரர் தன்னோட வண்டியை வித்தா இந்தச் சட்டம் வராது, அங்க ஃபுட்ஸ்டூட்ஸ் பொதுவா செல்லும்.

எலக்ட்ரீஷியன்கிட்ட மில்லி ஆம்பியர் கணக்கோட ஒரு ரிப்போர்ட் வாங்கி டீலருக்கு ஈமெயில்ல அனுப்புங்க, போன்ல பேசி முடிச்சிடாதீங்க. அசையலைன்னா மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மன்கிட்ட (கார் வியாபாரப் புகாரை விசாரிக்குற அமைப்பு) புகார் குடுக்கலாம். நீங்களா வயரை வெட்டி ஒட்டிடாதீங்க, அப்புறம் கோளாறே உங்களாலதான் வந்துச்சும்பாரு.

கேள்வி: பேட்டரி மேல 619, 646னு போட்டிருக்கே, பெரிய நம்பர்னா நல்லதா?

பதில்: இல்ல, அது நம்ம ஊர்ல சைஸுக்கும் டெர்மினல் இருக்குற பக்கத்துக்கும் வச்ச நம்பர். பழசுல என்ன இருக்கோ அதையே கேளுங்க, கடைக்குப் போகும்போது பழைய பேட்டரியையும் தூக்கிட்டுப் போங்க, விலையில கழிப்பாங்க.