செயின்ட் பேட்ரிக் தின பார்ட்டிக்கு, கலர் சேர்க்காமல் பச்சை நிறத்தில் கொறிக்க என்ன செய்யலாம்?

கலர் இல்லாமலே செய்யலாம். சொல்லப்போனால் கலர் இல்லாமல்தான் செய்ய வேண்டும்.

நான் இருப்பது அயர்லாந்தில், கார்க் நகரத்தில். ஏழு வருடமாக மார்ச் 17 அன்று, அதாவது இந்த நாட்டின் காவல் புனிதர் பேட்ரிக்கின் திருநாளன்று, மாலை எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். முதல் வருடம் ஆர்வக் கோளாறில் கலர் பாட்டிலைத் திறந்தேன். கிரீம் சீஸில் நாலு சொட்டு விட்டுக் கலக்கி பிஸ்கட் மேல் தடவி அடுக்கினேன். பக்கத்து மாவட்டமான கெர்ரியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஒன்றே ஒன்று எடுத்துச் சாப்பிட்டார். அப்புறம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பச்சை நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மீதித் தட்டை யாரும் தொடவில்லை. ஆற்றையே பச்சையாக்குவது சிகாகோக்காரர்கள் 1962-இல் ஆரம்பித்த கூத்து. இங்கே உள்ளவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. இன்னொன்று, இந்த நாளைச் செல்லமாக 'பேடிஸ் டே' என்பார்கள். ஒற்று மிகுத்து 'பேட்டிஸ் டே' என்று அழைப்பிதழில் போட்டுவிடாதீர்கள், அது அமெரிக்க வழக்கு. இங்கே முகம் சுளிப்பார்கள்.

அடுத்த வருடம் கலரை விட்டுவிட்டுப் பட்டாணி மசியல் செய்தேன். மதியமே அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மூடி வைத்தேன். ஆறு மணிக்குத் திறந்தால் பழைய ராணுவச் சீருடை நிறம்! காரணம் புளிப்பு. இலையிலும் பட்டாணியிலும் இருக்கிற பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. அமிலம் பட்டால், அதிலும் சூட்டோடு பட்டால், அது கழன்றுகொள்ளும், நிறம் பழுப்புக்குப் போய்விடும். கீரையை மூடாமல் வேகவை என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுவும் இதே கணக்குதான். திறந்து வைத்தால் கீரையிலிருந்து கிளம்பும் அமிலம் ஆவியோடு வெளியே போய்விடும். அதனால் நிறைய உப்புத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடாமல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அள்ளிப் போடுங்கள். சமையல் சோடா போட்டாலும் பச்சை நிற்கும், ஆனால் குழைந்து கூழாகிவிடும். வேண்டாம்.

இப்போது நான் செய்கிற பட்டாணி மசியல் இப்படி: அரைக் கிலோ உறைந்த பட்டாணி, மேலே சொன்ன மாதிரி இரண்டே நிமிடம். ஒரு கைப்பிடி புதினா, ஆலிவ் எண்ணெய், உப்பு, எலுமிச்சைத் தோலின் துருவல் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தோலில் வாசனை உண்டு, புளிப்பு இல்லை. சாறு வேண்டுமென்றால் பரிமாறும்போது பிழியுங்கள். பழுப்பு சோடா ரொட்டியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வெண்ணெய் தடவி, மேலே ஒரு கரண்டி வைத்து, கொஞ்சம் ஆட்டுப்பால் சீஸை உதிர்த்துவிட்டால் போதும்.

ஆனால் முதலில் காலியாகிற தட்டு கோல்கேனன் உருண்டைதான். கோல்கேனன் என்பது மசித்த உருளைக்கிழங்கில் கேல் கீரையோ முட்டைக்கோஸோ, நிறைய வெண்ணெயோடு கலந்தது. உண்மையில் அது ஹாலோவீன் சாப்பாடு. உள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்கள், யார் தட்டில் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம் என்று கணக்கு. மார்ச்சில் செய்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. நீங்கள் மோதிரம் போடாமல் இருந்தால் சரி, எண்ணெயில் பொரிக்கப் போகிறோம்.

ஒரு கிலோ ரூஸ்டர் கிழங்கு வாங்குங்கள், மாவாக உதிர்கிற ரகம். தோலோடு வேகவைத்து, உரித்து, சூடாக இருக்கும்போதே 50 கிராம் வெண்ணெயோடு மசியுங்கள். சாதாரண கோல்கேனனில் பால் ஊற்றுவார்கள், இதில் ஒரு சொட்டுகூட வேண்டாம். 150 கிராம் கேலை நடுத்தண்டு நீக்கி வெந்நீரில் போட்டெடுத்து, துணியில் வைத்துப் பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றும், இன்னொரு முறை பிழியுங்கள். எண்ணெயில் உருண்டை பிரிந்துபோவதெல்லாம் இந்த ஈரத்தால்தான். பொடியாக நறுக்கி, ஐந்தாறு வெங்காயத்தாள், மிளகு, உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சின்ன எலுமிச்சை அளவில் உருட்டினால் முப்பது வரும். மைதா, அடித்த முட்டை, ரொட்டித்தூள் என்று வரிசையாகப் புரட்டி 180 டிகிரி எண்ணெயில் பொன்னிறமாக எடுக்கலாம். ரொட்டித்தூளில் பார்ஸ்லி இலையை அரைத்துக் கலந்தால் வெளியேயும் பச்சை தெரியும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியே பொன்னிறம், கடித்தால் பச்சை, அதுதான் அழகு.

மார்ச் நடுவில் ஆற்றோரக் காடுகளில் காட்டுப் பூண்டு இலை முளைக்கும். அதை எண்ணெய், கொட்டைப் பருப்பு, சீஸோடு அரைத்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை. பறிக்கும்போது ஒவ்வொரு இலையையும் கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசனை வராவிட்டால் தொடாதீர்கள், அதே இடத்தில் அதே சாயலில் விஷச் செடிகளும் வளரும். கையில் வாசனை ஏறிவிட்டால் அப்புறம் மூக்கு ஏமாற்றும், நின்று நிதானமாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரமே இல்லையென்றால் வெள்ளரி வில்லை மேல் புளிப்புக் கிரீம், புகையூட்டிய சால்மன், ஒரு இணுக்கு டில் இலை. பத்து நிமிட வேலை.

தட்டு முழுக்கப் பச்சையாக்க வேண்டாம். இந்த நாளுக்கே பச்சை பிற்பாடு வந்ததுதான், ஒரு காலத்தில் பேட்ரிக்கின் நிறம் நீலம். 1783-இல் அவர் பெயரில் ஏற்படுத்திய வீரர் விருதுக்கும் நீல நாடாவே வைத்தார்கள். வெள்ளையும் பழுப்பும் பக்கத்தில் இருந்தால்தான் பச்சை எடுபடும்.

போன வருடம் அந்தப் பழுப்புக்காகவே சோடா ரொட்டியை நானே சுட்டேன், கையில் இருந்த சூரியகாந்தி விதையையும் தாராளமாகப் போட்டு. மறுநாள் விருந்துக்கு அறுத்தால் விதையைச் சுற்றி அங்கங்கே பச்சை! பூசணம் என்று நினைத்துத் தூக்கிப் போடப் போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த விதையில் உள்ள ஓர் அமிலம் சோடாவோடு சேர்ந்தால் பச்சையாகுமாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. விளக்கம் சொல்லிக்கொண்டே தட்டில் வைத்தேன். கெர்ரிக்காரர் முதலில் நாக்கைக் கண்ணாடியில் சரிபார்த்தார், அப்புறம் இரண்டு துண்டு கட்டி வாங்கிப் போனார்.