டிவியில் வட்டம் சுற்றுகிறதா? உடனே திட்டத்தை மாற்றாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு இணைய இணைப்பு 300 எம்பிபிஎஸ். ஹாலில் ஒரு டிவி, படுக்கையறையில் பழைய டிவியில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக், மாடியில் இன்னொரு டிவி. ரவுட்டர் வாசல் பக்க அறையில் இருக்கிறது. மாலையானால் மாடி டிவியில் படம் நின்று நின்று ஓடுகிறது. ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அந்த டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனாலும் படம் நிற்கிறது. இணைப்புக் கொடுத்தவர் 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். இன்னொன்று: பிள்ளைகளின் போன்களை கெஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது ரவுட்டர் விருந்தாளிகளுக்கெனத் தனியாகத் தரும் வைஃபையில், சேர்த்திருக்கிறோம். அவற்றிலிருந்து ஸ்டிக்குக்கு வீடியோ அனுப்பப் பார்த்தால் ஸ்டிக்கே தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 500 எம்பிபிஎஸ் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்; சாதாரண ஃபுல் எச்டிக்கு 5. உங்கள் மூன்று திரைகளிலும் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 45 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. தாராளமாக ஒரு திரைக்கு 25 என்று வைத்தால்கூட 75. கையில் 300 இருக்கிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மாடிக் குழாயில் சொட்டுகிறது என்றால் தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை. குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

அதை நீங்களே சோதித்துவிடலாம். படம் நிற்கிற அதே மாலை நேரத்தில், லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். அடுத்து, போனை எடுத்துக்கொண்டு மாடி டிவி அருகில் நின்று அதே சோதனை. கீழே 280 காட்டி மாடியில் 12 காட்டினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அந்த நிலையில் எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் மாடியில் அதே 12தான் வரும். இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் பெரிய திட்டம் எழுதிக்கொடுப்பவர் உங்கள் பிரச்சினையைத் தீர்க்க வந்தவர் அல்ல. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. புகார் கொடுத்தால் வருகிறவர் ரவுட்டர் அருகில் நின்று ஒரு சோதனை செய்கிறார், "வேகம் சரியாக இருக்கிறது" என்று புகாரை முடித்துவிடுகிறார். படம் ரவுட்டர் அருகிலா ஓடுகிறது? டிவி இருக்கும் அறையில் சோதிக்க வேண்டும் என்பதை இந்த நிறுவனங்கள் ஏன் வழக்கமாக்குவதில்லை?

இனி ரிப்பீட்டர். டிவி காட்டும் முழு சிக்னல், டிவிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ள சிக்னல் மட்டுமே. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நிலைமை என்று அது சொல்லாது. நீங்கள் அதை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதால், டிவிக்கு வந்துகொண்டிருந்த அதே நைந்த சிக்னல்தான் அதற்கும் வருகிறது. அதை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். மலிவு வகைகளில் இன்னொரு இழப்பும் உண்டு. ரவுட்டரிடம் வாங்குவதும் டிவிக்குக் கொடுப்பதும் ஒரே ரேடியோவில், ஒரே அலைவரிசையில் நடப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ரிப்பீட்டரைப் பலர் "பூஸ்டர்" என்கிறார்கள்; அந்தப் பெயரே தவறு. அது எதையும் பூஸ்ட் செய்வதில்லை. வேறு வழி கிடைக்கும்வரை அதை ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

நிலையான தீர்வு கேபிள்தான். டிவி இடம் மாறாத பொருள். இடம் மாறாத பொருளுக்கு வைஃபை எதற்கு? ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரே ஒரு லேன் கேபிள் இழுங்கள். லேன் கேபிளில் கேட் 5ஈ, கேட் 6 என்று தர வகைகள் உண்டு. கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ், தாங்கும். புதிதாக இழுப்பதால் கேட் 6 போடுங்கள். கேட் 8 வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தரவு மையங்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்துவதற்கென்று வகுத்தது.

கேபிள் போடும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் ஏமாற்று, செம்பு பூசிய அலுமினியக் கம்பி. வெளியே பார்க்கச் செம்பு, பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தரநிலை முழுச் செம்பைத்தான் கேட்கிறது. சுவருக்குள் பதிக்கும் முன் ஒரு துண்டை நீங்களே சுரண்டிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். இரண்டாவது, கனெக்டரில் நாலே கம்பிகளை மாட்டிவிட்டுப் போவது. ஒரு கேபிளில் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கும் வேண்டும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், மீதி இரண்டு ஜோடிகளை வேறொரு சாதனத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார் கேபிள் போட்டவர். அந்த வீட்டுக்காரர் மூன்று வருடமாக 100க்கு மேல் வேகம் பார்த்ததே இல்லை. பணம் கட்டியதோ அதற்கு மேலான திட்டத்துக்கு. வேலை முடிந்ததும் மாடி முனையில் லேப்டாப்பை இணைத்து, இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.

கேபிள் வைஃபையைவிட மேல் என்றேன். இதற்கு ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் படித்தவர்களே குழம்புகிறார்கள். பெரும்பாலான டிவிகளில், விலை கூடிய 4கே டிவிகளில்கூட, லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகைதான். நடைமுறையில் 94, 95 கிடைக்கும். இணையத்திலிருந்து வரும் படத்துக்கு இது ஏராளம், எனவே உங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் வீட்டிலேயே ஹார்டு டிஸ்க்கிலோ மீடியா சர்வரிலோ 4கே ப்ளூரே தரத்தில் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 2 மணி நேரப் படம் 60 ஜிபி என்றால், சராசரியே சுமார் 67 எம்பிபிஎஸ். சராசரி என்பதைக் கவனியுங்கள். மழை, கூட்டம், சண்டை என்று திரை முழுக்க அசையும் காட்சிகளில் அது இன்னும் ஏறும். அந்த வகை வட்டில் உச்சம் 128 வரை போகலாம். 94 துளைக்குள் அது நுழையாது. படம் அந்தக் காட்சியில் மட்டும் திணறும், மற்ற நேரம் நன்றாக ஓடும், நீங்கள் கோப்பைக் குறை சொல்வீர்கள். அப்படிப்பட்டவர்கள் ஜிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) லேன் துளை உள்ள தனி மீடியா பிளேயரை டிவியில் இணைக்கலாம். ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் டிவியின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை (2.4 கிகாஹெர்ட்ஸைவிட வேகமான அலைவரிசை), அதே டிவியின் லேன் துளையை முந்திவிடும். பளபளப்பான திரைக்கு இத்தனை செலவழிக்கும் நிறுவனங்கள் ஒரு ஜிகாபிட் துளை வைக்க மறுப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படுக்கையறை ஸ்டிக் வைஃபையிலேயே இருக்கட்டும். டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதால் திரையே அதற்குத் தடுப்புச் சுவர். பல ஸ்டிக்குகளுடன் பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வரும். அதை மாட்டி ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். ரவுட்டரையும் தரையிலிருந்தும் இரும்பு அலமாரியிலிருந்தும் விடுவித்து, உயரமாக, வீட்டின் நடுப்பக்கமாக நகர்த்துங்கள்.

போனில் ஸ்டிக் தெரியாததற்குக் காரணம் கெஸ்ட் நெட்வொர்க். விருந்தாளியின் போன் உங்கள் வீட்டுச் சாதனங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. தன் வேலையைத்தான் செய்கிறது. "இங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று போன் கொடுக்கும் குரல் அதே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். ஸ்டிக் இருக்கும் நெட்வொர்க்குக்கே பிள்ளைகளின் போன்களையும் மாற்றுங்கள், தெரிந்துவிடும். நாளை மாடியில் கேபிள் முனையில் இன்னொரு ரவுட்டர் வைத்தாலும் இதே சிக்கல் வரும். அதை, இருக்கும் நெட்வொர்க்கையே மாடிக்கும் நீட்டித் தரும் "ஆக்சஸ் பாயிண்ட்" முறைக்கு மாற்றாமல் அப்படியே செருகிவிட்டுப் போனால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் உண்டாகும். மாட்டித் தருபவரிடம் இந்த இரண்டு சொற்களைச் சொல்லியே வேலை வாங்குங்கள்.

ஒருவேளை கேபிளில் இணைத்த லேப்டாப்பிலேயே மாலையில் வேகம் சரிந்தால், அப்போது தவறு நிறுவனத்துடையது. காலை, மாலை, இரவு என்று நான்கைந்து நாள் எண்களை நேரத்தோடு குறித்து, "கேபிளில் அளந்தது" என்று தலைப்பிலேயே எழுதி அனுப்புங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். போட்டுவிட்டு அதற்குப் பிந்தைய எண்ணையும் அதே பட்டியலில் சேருங்கள். அந்த நான்கைந்து நாளில் புதிய திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.