தமிழ் மீடியத்துல படிச்சவங்க எம்.ஏ. லிங்குஸ்டிக்ஸ் இல்லனா இங்கிலீஷ் டீச்சிங் கோர்ஸ் எடுக்கலாமா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பி.ஏ. இங்கிலீஷ் மூணாவது வருஷம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், மேல லிட்டரேச்சர் படிக்க மனசில்லன்னு போட்டிருக்கீங்க. தாராளமா எடுக்கலாம். நானும் விழுப்புரம் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சவதான், லிங்குஸ்டிக்ஸ்ல எம்.ஏ. முடிச்சு இப்ப ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். பி.ஏ. ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு இன்டர்னல் டெஸ்ட் அன்னிக்கு எனக்கு காய்ச்சல், போகல. மறுநாள் சார் என்னை எழுப்பி "டிடின்ட் யூ ரைட் த டெஸ்ட்?"னு கேட்டார், நான் "யெஸ் சார்"னு சொன்னேன். என் மனசுல இருந்தது "ஆமா சார், எழுதல"ங்கறது. அவரும் தமிழ்க்காரர்தான், ஆனா இங்கிலீஷ்ல கேட்டதுக்கு இங்கிலீஷ் கணக்குலதான் பதிலை எடுத்துக்கிட்டார், எழுதினேன்னு சொல்றா, கட்டுல பேப்பர் இல்ல, அப்ப பொய் சொல்றான்னு முழு கிளாஸ் முன்னாடி அந்த பீரியட் முடியற வரைக்கும் நிக்க வெச்சார். என்ன தப்பா சொன்னேன்னு அன்னிக்கு எனக்குப் புரியவே இல்ல.

எம்.ஏ. வந்தப்புறம்தான் புரிஞ்சுது. "சாப்பிடலையா?"ன்னு யாராவது கேட்டா நாம "ஆமா, சாப்பிடல"ன்னு சொல்லலாம், அந்த "ஆமா" கேட்டவங்க சொன்னது சரிங்கறதுக்கு. இங்கிலீஷ்ல அப்படி இல்ல, சாப்பிட்டிருந்தா யெஸ், சாப்பிடலன்னா நோ, கேள்வி எப்படிக் கேட்டாலும் அதேதான். ஜப்பான்காரங்களும் நம்ம மாதிரிதான் பதில் சொல்றாங்க. இதை மேடம் போர்டுல ரெண்டு வரியா எழுதினப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நான் பொய்யும் சொல்லல, எனக்கு மூளை இல்லாமலும் போகல, ரெண்டு மொழிக்கும் கணக்கு வேற வேற, அவ்வளவுதான். இந்தப் படிப்பு எனக்கு என்ன கொடுத்துச்சுன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

சரி, வித்தியாசம். லிங்குஸ்டிக்ஸ்னா நிறைய மொழி கத்துக்கறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது இல்ல. மொழிங்கற ஒண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கறது. ஒலி எப்படிப் பிறக்குது (ஃபோனெடிக்ஸ்), ஒரு மொழியில எந்த ஒலி எங்க வரும் (ஃபோனாலஜி), சொல் எப்படி உருவாகுது, வாக்கியம் எப்படி அமையுது, பொருள் எப்படி வருது, சமூகத்துல யார் எப்படிப் பேசறாங்கன்னு ஒவ்வொண்ணும் ஒரு பேப்பர். ஃபோனெடிக்ஸ் முதல் கிளாஸ்ல மேடம் ஒரு மெல்லிசான பேப்பர் துண்டை வாய்க்கு நேரா பிடிச்சு இங்கிலீஷ்காரங்க சொல்ற மாதிரி "பின்"னு (குண்டூசி, pin) சொன்னாங்க, பேப்பர் படக்குனு ஆடுச்சு. "ஸ்பின்"னு சொன்னாங்க, ஆடல. அப்புறம் எங்களை சொல்ல சொன்னாங்க, நாங்க சொன்ன "பின்"னுக்கு ஒருத்தருக்கும் பேப்பர் ஆடல! தமிழ்ல ப-வுக்கு அந்தக் காத்து கிடையாது, அதனாலதான் நாம சொல்ற "பின்" சில சமயம் அவங்க காதுல குப்பைத்தொட்டி "பின்"னா (bin) விழுது. இத்தனை வருஷமா வாயிலயே இருந்தும் நாம கவனிக்காத விஷயம் இது. காத்து எங்கிருந்து கிளம்பி, நாக்கும் உதடும் எங்க சேர்ந்து எந்த எழுத்து பிறக்குதுன்னு தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு இயலே இருக்கு, பன்னெண்டாவதுல அதை மார்க்குக்காக மனப்பாடம் பண்ண எனக்கு அது ஃபோனெடிக்ஸ்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

இ.எல்.டி., அதாவது இங்கிலீஷை ரெண்டாவது மொழியா சொல்லிக்கொடுக்கற படிப்பு, அதுல மையமே கிளாஸ் ரூம்தான். கத்துக்கறவங்க மனசுல மொழி எப்படி ஏறுது, பாடம் எப்படித் தயாரிக்கறது, கேள்வித்தாள் எப்படிப் போடறது, கிளாஸ் எடுத்துக் காட்டறது இதெல்லாம். இதுல நம்ம பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, பலருக்கு அது தெரியல. 1979-லருந்து 1984 வரைக்கும் என்.எஸ். பிரபுங்கற இங்கிலீஷ் கற்பித்தல் நிபுணர் பெங்களூர், மெட்ராஸ் பக்கத்து ஸ்கூல்கள்ல ஒரு சோதனை பண்ணார். கிராமர் விதியைச் சொல்லித்தராம ரயில் டைம்டேபிள், மேப் மாதிரி எதையாவது கொடுத்து எந்த வண்டியில ஏறினா எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்னு பசங்களைக் கண்டுபிடிக்க வைக்கறது, கவனம் முழுக்க கணக்குல இருக்கும், மொழி தன்னால உள்ள போகும். இன்னிக்கு உலகம் பூரா டாஸ்க் வெச்சு மொழி சொல்லித்தர்ற முறைன்னு பேசறாங்களே, அதோட முக்கியமான ஆரம்பங்கள்ல ஒண்ணு இது.

ரெண்டு படிப்பும் கைகோக்கற இடம் தப்புகள்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் அதுதான். "மை ஹெட் இஸ் பெயினிங்"னு ஒரு பையன் லீவ் லெட்டர்ல எழுதறான். தமிழ்ல "தலை வலிக்குது", வலிங்கறது அங்க வினை, அதை அப்படியே தூக்கி வெச்சிருக்கான். "எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்", அது "நேத்துதான் வந்தேன்", நம்ம "தான்" ஒட்டுற இடத்துல "ஒன்லி"யை ஒட்டிட்டான். 1967-ல பிட் கார்டர்ங்கற மொழியியல் அறிஞர் ஒரு கட்டுரையில, கத்துக்கறவங்க தப்பு வெறும் கழிவு இல்ல, அவங்க மனசுல மொழி எந்தக் கட்டத்துல இருக்குன்னு காட்டற தடயம்னு எடுத்து வெச்சார், 1972-ல செலிங்கர்ங்கற இன்னொரு மொழியியலாளர் அந்த நடுக்கட்ட மொழிக்கு இன்டர்லாங்வேஜ்னு பேரே வெச்சார். இதைப் படிச்ச டீச்சர் சிவப்பு மையில சுழிச்சு விட்டுட்டுப் போக மாட்டாங்க, பையனைக் கூப்பிட்டு "தான்"னுக்கு இங்கிலீஷ்ல என்ன வழின்னு காட்டுவாங்க. லிட்டரேச்சர் படிச்சவங்க மோசம்னு சொல்லல, ஆனா ஷேக்ஸ்பியர் நடத்தறதுக்கும் "நேத்துதான்" திருத்தறதுக்கும் வேற வேற பயிற்சி வேணும்.

எங்க படிக்கலாம்னா, இ.எல்.டி.க்கு முதல்ல நினைவுக்கு வர்றது ஹைதராபாத் இஃப்லூதான் (இங்கிலீஷ் அண்ட் ஃபாரின் லாங்வேஜஸ் யுனிவர்சிட்டி), 1958-ல சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷ்னு இங்கிலீஷ் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே ஆரம்பிச்சது, லிங்குஸ்டிக்ஸும் அங்க பலம். தமிழ்நாட்டுல லிங்குஸ்டிக்ஸ்னா சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டி பழைய, பேர்பெற்ற துறை, கோயம்புத்தூர் பாரதியார்லயும் துறை இருக்கு. மைசூர்ல 1969-ல ஆரம்பிச்ச இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கு, பின்னாடி ஆராய்ச்சி, மொழி டேட்டா வேலைன்னு போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய இடம். அட்மிஷன் முறை வருஷத்துக்கு வருஷம் மாறுது, அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கோங்க. வெளிநாட்டுல டீச்சிங் போற ஐடியா இருந்தா செல்டா (இங்கிலீஷ் சொல்லித்தர கேம்பிரிட்ஜ் கொடுக்கற சர்டிஃபிகேட்), 120 மணி நேர கோர்ஸ், அதுல 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு கிளாஸ் எடுத்தே ஆகணும், ஃபீஸ் அதிகம், இப்பவே வேண்டாம்.

இப்ப வேலை விஷயம், இதை மறைக்க மாட்டேன். லிங்குஸ்டிக்ஸ் முடிச்சுட்டு இங்கிலீஷ் லெக்சரர் இன்டர்வியூ ரெண்டு இடத்துக்குப் போனேன், "எம்.ஏ. இங்கிலீஷ் இல்லையே"ன்னு ரெண்டு இடத்துலயும் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் கரஸ்ல எம்.ஏ. இங்கிலீஷும் முடிச்சப்புறம்தான் இந்த வேலை. காலேஜ் லெக்சரர் தகுதிக்கான நெட் எக்ஸாம்ல லிங்குஸ்டிக்ஸும் இங்கிலீஷும் தனித்தனி சப்ஜெக்ட். அதனால காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கணும்னா இ.எல்.டி. பேப்பர்கள் நிறைய இருக்கற எம்.ஏ. இங்கிலீஷ் எடுங்க, டிகிரி பேர் சர்டிஃபிகேட்ல என்னன்னு வரும்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. மொழியே பிடிச்சிருக்கு, ஆராய்ச்சி, பேச்சுத் தொழில்நுட்பம், பழங்குடி மொழி ஆவணம்னு போகணும்னா லிங்குஸ்டிக்ஸ்.

தமிழ் மீடியம்ங்கறதைக் குறையா நினைக்கவே வேண்டாம். எங்க கிளாஸ்ல நுனிநாக்கு ட-வுக்கும் நாக்கை மடிச்சு சொல்ற ட-வுக்கும் வித்தியாசம் பிடிபடாம எல்லாரும் திணறினப்ப, நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி மட்டும் முதல் தடவையிலயே சரியா சொன்னா, "காற்று"ங்கறதை அவங்க ஊர்ல அந்த நுனிநாக்கு ட-வோடதான் சொல்லுவாங்களாம். ஈழத்தமிழர்கள் டொரண்டோவை "ரொறன்ரோ"ன்னு எழுதறதும் அந்த ஒலிக்காகத்தான், இங்கிலீஷ் டி-க்கு நம்ம ட-வை விட அது கிட்ட வரும். உங்க வீட்டுல, உங்க ஊர்ல எப்படிப் பேசறாங்களோ அதை நல்லா கவனிச்சு எழுதி வெச்சுக்கோங்க, முதல் செமஸ்டர் ஃபோனாலஜி அசைன்மென்ட்டுக்கே உதவும். ஐ.ஐ.டி.கள் நடத்தற ஆன்லைன் வகுப்புத் தளம் என்பிடெல்ல லிங்குஸ்டிக்ஸ் அறிமுக வகுப்புகள் ஃப்ரீயா இருக்கு, நாலு கிளாஸ் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் துண்டைக் கிழிச்சு வாய்க்கு நேரா பிடிச்சு "பின்"னு சொல்லிப் பாருங்க.