பி மதிப்பு 0.11: ‘ரிசல்ட் வராத’ ஆய்வை எங்கே அனுப்புவது?

அன்புள்ள ஐயா,

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது நான்காம் ஆண்டு. தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் கல்லூரி மாணவர்களின் தன்மதிப்பு கூடுமா என்பது ஆய்வுக் கேள்வி. மொத்தம் 62 பேர். 31 பேர் இரண்டு வாரம் நன்றிக் குறிப்பு எழுதினார்கள். மற்ற 31 பேர் அன்றன்று செய்த வேலைகளை மட்டும் எழுதினார்கள். முன்னும் பின்னும் ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோலை நானே தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கடைசி மதிப்பெண்களை ஒப்பிட்டபோது, இரண்டு குழுக்களின் வித்தியாசத்தைச் சோதிக்கும் டி மதிப்பு 1.62, பி மதிப்பு 0.11, அதாவது 0.05 என்ற வழக்கமான எல்லைக்கு மேலே. “ரிசல்ட் வரவில்லை. பெண்களை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள், ஹாஸ்டல் மாணவர்களைத் தனியாகப் பாருங்கள்” என்கிறார் கைடு. ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன். ரிவ்யூவுக்கே போகாமல் நான்கு நாளில் திரும்பிவிட்டது. பணம் கட்டினால் ஐந்து நாளில் வெளியிடுகிறோம் என்று இன்னொரு ஜர்னலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

ச.

அன்புள்ள ச.,

பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். உண்மையில் எந்த விளைவுமே இல்லாத ஒன்றை ஐந்து தனித்தனிச் சோதனைகளில் பார்த்தால், ஏதாவது ஒன்றில் பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்துவிடும் வாய்ப்பு 23 சதவீதம். பிரிவுகளோடு நிற்காமல், அளவுகோலை மாற்றுவது, சிலரை நீக்குவது, இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது என்று போனால் அது எங்கேயோ போய்விடும். 2011-இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் ‘சைக்கலாஜிகல் சயன்ஸ்’ இதழில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சாதாரணமாகத் தெரியும் நான்கு சலுகைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால் தவறான கண்டுபிடிப்பின் வாய்ப்பு 60.7 சதவீதம். அதே கட்டுரையில், பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களுக்கு வயதே ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்றும் ‘நிரூபித்து’ வைத்தார்கள், ஆபத்து எல்லோருக்கும் புரியட்டும் என்று.

உங்கள் கைடு கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பல தலைமுறை உளவியலாளர்கள் இப்படித்தான் பயிற்சி பெற்றார்கள். அதன் விலை 2015-இல் தெரிந்தது. முன்னணி ஜர்னல்கள் மூன்றில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் முடிவு சிக்னிஃபிகன்ட், அதாவது பி 0.05-க்குக் கீழே. திரும்பச் செய்ததில் 36 சதவீதத்தில்தான். நீங்கள் இன்று பெண்களை மட்டும் வைத்து ஒரு பேப்பர் போட்டால், நாளை ஒரு கல்லூரியில் அதை நம்பி ஒரு பயிற்சித் திட்டமே தொடங்கலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் எண்களைப் பார்ப்போம். இரண்டு குழுவிலும் 31 பேர், டி மதிப்பு (t) 1.62 என்றால் விளைவின் அளவு, அதாவது குழுக்களின் வித்தியாசத்தை மதிப்பெண்களின் பரவலால் வகுத்துக் கிடைக்கும் கோஹன் டி (d), ஏறக்குறைய 0.41. அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உங்கள் தரவோடு பொருந்தும் விளைவுகளின் வரம்பு, −0.09 முதல் 0.91 வரை. நன்றிக் குறிப்பு எழுதுவதால் எதுவுமே நடக்காமலும் இருக்கலாம், நல்ல பெரிய பலனும் இருக்கலாம். இரண்டுக்கும் உங்கள் தரவு இடம் தருகிறது. ஆகவே ‘பலன் இல்லை’ என்று எழுதினால் அதுவும் தவறுதான். உண்மை விளைவு 0.4 என்றே வைத்துக்கொண்டாலும், குழுவுக்கு 31 பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. 80 சதவீத பவர், அதாவது பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம், வேண்டுமானால் 0.5 அளவுக்குக் குழுவுக்கு 64 பேர், 0.4-க்கு 100 பேர், 0.2-க்கு 394 பேர் தேவை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிட வேலை இது. தரவு திரட்டுவதற்கு முன்பு செய்திருக்க வேண்டியது. முடிவு வந்தபின், கிடைத்த விளைவையே உள்ளே போட்டு பவர் கணக்கிட்டு எழுதாதீர்கள். அது பி மதிப்பையே வேறு வடிவில் சொல்வது, ரிவ்யூவர் உடனே கேட்பார்.

இன்னொன்று. முன்மதிப்பெண் கையில் இருக்கும்போது கடைசி மதிப்பெண்களை மட்டும் ஏன் ஒப்பிட்டீர்கள்? முன்மதிப்பெண்ணைக் கோவேரியேட்டாக வைத்து, அதாவது தொடக்கத்திலேயே இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்து, அன்கோவா என்ற சோதனை செய்வதே இந்த வடிவமைப்புக்குப் பொருத்தம். முன்னும் பின்னும் உள்ள தொடர்பு 0.7 என்றால் தேவைப்படும் ஆட்கள் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் இங்கே கவனம் வேண்டும். சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) அன்கோவா என்று எழுதியிருந்தால் அதுதான் உங்கள் முதன்மைச் சோதனை. எழுதவில்லை என்றால் இரண்டு முடிவையும் கொடுத்து, அன்கோவா பிறகு யோசித்துச் செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்லதாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துப்போட்டால் பெண்களைப் பிரித்த கதைதான்.

ரிவ்யூவுக்குப் போகாமல் திரும்பியதற்குக் காரணம் பி மதிப்பு என்று நினைக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தவரை, மொழிபெயர்ப்புதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நானே தமிழில் மொழிபெயர்த்தேன்’ என்ற ஒரு வரி போதும், எடிட்டர் மூடி வைத்துவிடுவார். செய்யவேண்டிய முறை இது: இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்க வேண்டும். மூல ஆங்கிலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். வேறுபடும் இடங்களை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள், சிக்கல் இருப்பதும் அங்கேதான். ரோசன்பர்க் அளவுகோலில் பத்து வாக்கியங்கள், ஐந்து எதிர்மறையானவை. ‘நான் பெருமைப்பட எதுவும் இல்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று குறிக்கச் சொன்னால், இரண்டு எதிர்மறைகளுக்கு நடுவே மாணவர் தடுமாறுவார். என்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும் என்ற வாக்கியம் பல மொழிகளில் தொல்லை கொடுத்தது. அதை ஒரு நல்ல ஆசையாக எடுத்துக்கொண்டு ‘ஆம்’ என்று குறிப்பவருக்கு மதிப்பெண் குறைகிறது. எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பிப் போட மறந்திருந்தால் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) அதலபாதாளத்துக்குப் போகும். இன்றே எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு வாக்கியமும் மொத்த மதிப்பெண்ணோடு கொண்டுள்ள தொடர்பைப் பாருங்கள். மைனஸில் ஏதாவது நின்றால் உங்கள் 0.11-க்கே அர்த்தம் மாறிவிடும். எந்தெந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு 62 பேர் போதாது. தனியாக 200, 300 பேரிடம் அளவுகோலை மட்டும் கொடுத்து வாங்குங்கள். தமிழ் வடிவத்தின் நம்பகத்தன்மை பற்றி அதுவே ஒரு தனிக் கட்டுரை ஆகும்.

எடிட்டர் முதல் வாசிப்பில் தேடும் மற்றவை சுருக்கமாக: எதிக்ஸ் கமிட்டி அனுமதி எண்ணும் தேதியும், அந்தத் தேதி தரவு திரட்டலுக்கு முந்தியதாக, யாரை எந்தக் குழுவில் போடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள் (வகுப்பு வாரியாகப் பிரித்திருந்தால் அது ரேண்டம் ஒதுக்கீடு ஆகாது), எத்தனை பேரைக் கேட்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் நடுவில் நின்றார்கள். பி மதிப்பைச் சரியான எண்ணாகவே கொடுங்கள். எண்களை ஸ்டாட்செக் என்ற இலவசக் கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதை உருவாக்கியவர்கள் எட்டு உளவியல் ஜர்னல்களைச் சோதித்தபோது, பாதிக் கட்டுரைகளில் ஒரு பி மதிப்பாவது அதனோடு கொடுத்த டி, எஃப் போன்ற சோதனை மதிப்போடு பொருந்தவில்லை. எட்டுக் கட்டுரைகளில் ஒன்றில் முடிவே மாறும் அளவுக்குப் பிழை.

ஐந்து நாள் மெயிலுக்குப் பதிலே போடாதீர்கள். இரண்டு ரிவ்யூவர்களைக் கண்டுபிடிக்கவே ஒரு எடிட்டருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஐந்து நாளில் வெளியாகிறது என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். கட்டணம் வாங்கும் நல்ல ஜர்னல்களும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் கட்டுரையை ஏற்றபின்தான் பணம் கேட்கும். ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஜர்னல் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று சொன்னால், அவர்கள் அனுப்பிய இணைப்பில் பார்க்காமல் ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரில் போலித் தளம் நடத்துவதும் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஏற்ற ஜர்னல்களின் யூஜிசி-கேர் பட்டியல் இனி துணைக்கு வராது. 2025 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியையும் யூஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரம் எவ்வளவு என்று அதற்குப் பிறகு தெரியும்.

இந்த 62 பேர் ஆய்வை முன்னோட்ட ஆய்வு என்ற பெயரிலேயே எழுதி, தரவோடு சைஆர்கைவ் என்ற உளவியல் தளத்தில் முன்பதிப்பாக, அதாவது ரிவ்யூவுக்கு முந்திய வடிவமாக, போடுங்கள். முதலில், அனுப்ப நினைக்கும் ஜர்னல் முன்பதிப்பை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மெட்டா-சைக்காலஜி’ போன்ற இதழ்கள் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்குவதில்லை, முடிவு எந்தப் பக்கம் என்றும் பார்ப்பதில்லை.

ஆய்வேட்டில் இன்னொரு ஆய்வுக்கு இடமிருந்தால் அதை ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்டாகச் செய்யுங்கள். 2013-இல் கிறிஸ் சேம்பர்ஸ் ‘கார்ட்டெக்ஸ்’ இதழில் தொடங்கிவைத்த முறை. முன்னுரை, முறை, பகுப்பாய்வுத் திட்டம் மூன்றையும் எழுதி, தரவு திரட்டும் முன்பே அனுப்புகிறீர்கள். ரிவ்யூவர்கள் அப்போதே குறை சொல்கிறார்கள். திருத்த நேரம் இருக்கிறது. திட்டம் ஏற்கப்பட்டால், சொன்னபடி செய்து முடித்தபின் முடிவு எதுவானாலும் வெளியிடுவார்கள். வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம் முதல் கருதுகோள் சரி என்று சொல்கின்றன. இந்த முறையில் வந்தவற்றில் 44 சதவீதம்தான் என்று 2021-இல் வந்த ஓர் ஒப்பீடு காட்டியது. நடுவில் உள்ள இடைவெளி எங்கே போனது என்று யோசியுங்கள். சிரமமும் உண்டு. முதல் கட்டத்துக்கே மாதங்கள் பிடிக்கும். பல ஜர்னல்கள் 90 சதவீத பவர் கேட்கும், அதாவது 0.4 அளவுக்குக் குழுவுக்கு 133 பேர். ஒரே துறையில் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். மூன்று நான்கு கல்லூரிகளில் இருக்கும் ஸ்காலர்கள் சேர்ந்து செய்தால் முடியும்.

கைடிடம் பேசப் போகும்போது 0.11-ஐ முன்னால் வைக்காதீர்கள். −0.09 முதல் 0.91 வரை என்ற எல்லையையும், மொழிபெயர்ப்புக்கான திட்டத்தையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.