மூன்று பவுன் வரியும் பதினொரு பெண்களும்

வணக்கம். எனக்கு ஊர் மயிலாடுதுறை. தில்லையாடிப் பக்கம் போகும்போதெல்லாம், தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மையின் நினைவு மண்டபத்தைப் பார்ப்பேன். போன வாரம் பத்தாவது படிக்கும் என் மகன் கேட்டான்: “ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போனதுல வெள்ளைக்காரனுக்கு என்னப்பா நஷ்டம்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சிறைக்குப் போனால் ஒரு அரசாங்கம் பணிந்துவிடுமா? நீங்கள் விளக்க வேண்டும்.

ரா.,
மயிலாடுதுறை

அன்புள்ள ரா.,

உங்கள் மகன் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறான். நஷ்டம் வந்தது நிலக்கரியில். ஆனால் வரியிலிருந்து சொன்னால்தான் அது புரியும்.

தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். முதல் வருஷம் மாதக் கூலி 10 ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி கூலிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம், இங்கேயே சுதந்திரமாகப் பிழைத்துக்கொள்கிறேன் என்றால் வருஷத்துக்கு 3 பவுன் (பிரிட்டிஷ் பணம்) வரி. 1895இல் போட்ட சட்டம் இது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங்; ஐந்தாம் வருஷக் கூலியில் பார்த்தால்கூட நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். மனைவிக்குத் தனி, 16 வயது தாண்டிய பையனுக்குத் தனி, 13 தாண்டிய பெண்ணுக்குத் தனி. கட்ட வழியில்லாதவன் மறுபடி கைநாட்டு வைத்துத் தோட்டத்துக்கே போவான். அதற்காகவே போட்ட வரி.

1913 மார்ச்சில் அங்கே கேப் மாகாண நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது. தாலி கட்டி வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை என்று ஆனது. அதுவரை ஆண்கள் மட்டும் போய்வந்த சிறைக்குப் பெண்கள் கிளம்பியது அப்போதுதான்.

கிளம்பியவர்கள், ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பதினொரு பெண்கள், ஒருவரைத் தவிர அத்தனை பேரும் தமிழர்கள். காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களில் ஒருவர். ஆறு பேர் கைக்குழந்தையோடு போனார்கள். அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டினார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை. உரிமமில்லாமல் கூவி விற்றுப் பார்த்தார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. சரி என்று நேட்டாலுக்குள் நுழைந்து நேராக நியூகாசில் ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போனார்கள். வரி போகும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று அவர்கள் பாஷையிலேயே பேசினார்கள். வேலை நின்றது. உடனே கைது, மூன்று மாதக் கடுங்காவல். சும்மா சிறைக்கு வரத் தயாராக இருந்தபோது தொடாத போலீஸ், சுரங்கம் நின்றதும்தான் தொட்டது. உங்கள் மகனுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

முதலாளிகள் குடியிருப்புகளில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் தன் சிறிய வீட்டைத் திறந்துவிட்டார்; அது சத்திரமாகவே ஆகிப்போனது. நவம்பர் 6ஆம் தேதி சார்லஸ்டவுனிலிருந்து காந்தியோடு, அனுமதியில்லாமல் நுழைந்து கைதாவதற்காகப் பக்கத்து டிரான்ஸ்வால் மாகாண எல்லையை நோக்கி நடந்தவர்கள் 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. நடந்து வந்த ஒரு தாயின் கைக்குழந்தை ஓடையைக் கடக்கும்போது தவறி விழுந்து இறந்தது. அதற்குப் பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை.

அரசாங்கம் சுரங்கங்களையே சிறை என்று அறிவித்தது. சுரங்கத்து வெள்ளைக்கார ஆட்களே வார்டர்கள். சவுக்கடி விழுந்தும் இவர்கள் உள்ளே இறங்கவில்லை. வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அங்கே சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1914 நடுவில் வந்த சட்டத்தில் 3 பவுன் வரி ரத்தானது, நம் திருமணங்களும் செல்லும் என்றானது.

வள்ளியம்மை இந்தப் பெண்களுக்குப் பின்னால் போனவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்தார். நெட்டையான உடம்பு மெலிந்து படுக்கையில் கிடந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை என்று காந்தி எழுதியிருக்கிறார். சிறைக்குப் போனதற்கு வருத்தமா என்று அவர் கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்றார் வள்ளியம்மை. 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கறுப்பின மக்களுக்கு நிலத்தை மறுத்த சட்டமும் அதே 1913இல்தான் வந்தது. நம்மவர்கள் போராட்டம் அதைத் தொடவே இல்லை. இரு தரப்பும் சேர்ந்து அநியாயச் சட்டங்களை மீறிச் சிறை போக 1952 வரை ஆனது. அந்த முறை கைதானவர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல்.