மகள் மெஸ்ஸோ சோப்ரானோ ஆக வேண்டும் என்கிறாள்: பெற்றோருக்கு

பிளஸ் டூ படிக்கும் மகள் மேற்கத்திய செவ்விசையில் பாடகியாக ஆசைப்படுகிறாள், இதில் பிழைப்பு நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். ஆனால் அவளுக்கு முப்பது வயது ஆகும்வரை செலவுக்கு வழி வைத்திருக்க வேண்டும். இந்தக் குரல் அதற்கு முன்னால் முற்றாது.

மெஸ்ஸோ என்பது சோப்ரானோவுக்குக் கீழே, ஆல்ட்டோவுக்கு மேலே உள்ள பெண்குரல். மகள் ஐந்து கட்டையில் கர்நாடக சங்கீதம் பாடுகிறவள் என்றால், தார ஸ்தாயி பஞ்சமத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வாள். மெஸ்ஸோ அதே சுருதிக்கு அதிதார ரிஷபம் வரை, மைக் இல்லாமல், ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்கும்படி பாட வேண்டும். அந்தப் பஞ்சமத்தைத் தாண்டியதுமே குரல் ஒலிக்கும் முறை (ரெஜிஸ்டர்) மாறும் இடம் வருகிறது. அங்கே நெஞ்சுக்குரலைத் தள்ளிப் பாடினால் தொண்டை இறுகும். பழக்கமானால் குரல் நாண்களில் முடிச்சு விழும். மேல் ஸ்வரம் எட்டவில்லை என்பதாலேயே 17 வயதுப் பெண்ணை மெஸ்ஸோ என்று முத்திரை குத்துவதும் நடக்கிறது. எதுவரை எட்டுகிறது என்பதைவிட, எந்த இடத்தில் களைக்காமல் நெடுநேரம் பாடுகிறாள் என்பதே கணக்கு.

எல்லாம் பாடத் தெரிந்தவள் என்ற பெயர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பாடி வருவதல்ல. இருபதுகளில் பாக், ஹாண்டல் எழுதிய ஆரட்டோரியோ (வேடமும் நடிப்பும் இல்லாமல் பாடும் கதைப் பாடல் தொகுப்பு), பியானோவுடன் ஜெர்மன் கவிதைப் பாடல்கள், மொசார்ட்டின் ஆப்பெராவில் (பாட்டாலேயே நடத்தும் மேடை நாடகம்) கெருபினோ போன்ற சிறுவன் வேடங்கள். கார்மென் போன்ற கனமான வேடத்துக்கு அவசரம் வேண்டாம், வெர்டியின் அம்னேரிஸ் வேடத்துக்கு அதைவிட வேண்டாம். இங்கிலாந்தின் மெஸ்ஸோ பாடகி ஜேனட் பேக்கர் ஆரட்டோரியோவையும் தனிப்பாடலையும் விடாமல் வைத்திருந்தார். 1982இல் ஆப்பெரா மேடையை விட்ட பிறகும் அவருக்குக் கச்சேரிகள் இருந்தன. அமெரிக்காவின் மெஸ்ஸோ ஜாய்ஸ் டிடொனாட்டோ முதலில் படித்தது இசை ஆசிரியர் பயிற்சி. பிறகுதான் பிலடெல்பியாவில் குரல் படிப்பு, ஹூஸ்டன் ஆப்பெராவின் இளங்கலைஞர் திட்டம். மகள் இங்கே ஒரு பட்டம் முடித்துவிட்டுப் போனால் காலம் கடந்துவிடாது. ஆனால் சில கல்லூரிகளில் வயது வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை அதிகம் உள்ள நாடு ஜெர்மனி. அரசு உதவியில் நடக்கும் ஆப்பெரா அரங்குகள் 80க்கு மேல். பலவற்றில் மாதச் சம்பளப் பாடகர் குழு உண்டு. அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுப் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மாணவர் விசாவுக்கு வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. பெரிய செலவு அதுதான்.

பின்னாளில் அரங்குத் தேர்வுக்குப் போகும்போது ஐந்து ஆரியாக்கள் (ஆப்பெராவின் தனிப்பாட்டுகள்) கையில் இருக்க வேண்டும்: இத்தாலி, ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் நான்கும் வர வேண்டும். முதல் பாட்டு அவள் விருப்பம், அடுத்ததை நடுவர்கள் கேட்பார்கள். பயிற்சியில் மட்டும் நன்றாக வரும் பாட்டைப் பட்டியலில் சேர்த்து, அதையே கேட்டுவிட்டதால் கவிழ்ந்தவர்கள் நிறைய.

தனிப்பாடகி ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். அரங்கின் தலைவர் மாறினால் புதுப்பிக்காமலும் போகலாம். அரங்கு கோரஸ் (கூட்டாகப் பாடும் குழு), வானொலிக் கோரஸ் வேலைகள் அதைவிட நிலையானவை. அவற்றைக் குறைவாக எண்ண வேண்டாம்.

சென்னையில் இருந்தால் இப்போதே செய்யக்கூடியது: டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியங்கள்) தேர்வுக்கு மேற்கத்தியக் குரல் ஆசிரியர், கூடவே பியானோ, ஜெர்மன் வகுப்பு. ஆசிரியரிடம் சேர்க்கும் முன் தொண்டை மருத்துவரிடம் குரல் நாண்களை ஒருமுறை காட்டி, அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்; பின்னால் கரகரப்பு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.