கேளுங்க சொல்றேன்: பிளான் வரையிற படிப்பு

கேள்வி: அண்ணே, எஸ்பிஎம், அதான் ஸ்கூல் கடைசிப் பரீட்சை, முடிச்சிட்டேன், ஆர்க்கிடெக்சர் டிப்ளோமா எடுக்கலாம்னு ஆசை. ஆனா எனக்குக் கையால படம் வரைய சுத்தமா வராது. அப்பா வேற "இப்பல்லாம் கம்ப்யூட்டரே வரைஞ்சிடுது, இதப் படிச்சி என்னடா பண்ணப் போற"ன்றாரு. என்ன செய்யட்டும்?
மாணவர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, மயிலு, பூவு, மூஞ்சி வரையிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கோடு போட கம்ப்யூட்டர் இருக்கு, அப்பா சொல்றது சரிதான், ஆனா அந்தக் கோடு எங்க போகணும்னு ஒரு ஆள் முடிவு பண்ணணும்ல, அந்த ஆளா ஆகுறதுக்குத்தான் காலேஜ்.

மாடிப்படியவே எடுத்துக்குவோம். நம்ம மலேசியக் கட்டட விதி, அதான் 1984ல வந்த யூபிபிஎல், ஒரு படியோட உயரம், அதான் ரைசர், 180 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, கால் வைக்கிற டிரெட் 255க்குக் குறையக்கூடாதுன்னு சொல்லுது. கீழ்த் தரைக்கும் மேல் தரைக்கும் 3150 மில்லினு வைங்க, 18ஆ பிரிச்சா ஒரு ரைசர் 175, பாஸ். 18 ரைசருக்கு 17 டிரெட், ஏன்னா கடைசி ரைசர் ஏறினா மாடித் தரைதான். 17ஐ 255ஆல பெருக்குங்க, 4335 வரும். அதாவது நேரா ஏறுற படிக்கு மட்டும் நாலேகால் மீட்டருக்கு மேல போயிடுச்சி, வரிசையா ஒட்டிக் கட்டின டெரஸ் வீட்டுல இனி சாப்பாட்டு மேசைய எங்க போடுறது, படிய மடக்கித் திருப்பலாமா, திருப்பினா அடியில டாய்லெட் வைக்க தலை இடிக்காம உயரம் இருக்குமா, இதெல்லாம் யோசிக்கிறதுதான் வேலை. அப்பாகிட்ட இந்தக் கணக்கக் காட்டுங்க, அப்புறம் பேசுவாரா பாப்போம்.

ஜன்னலும் அப்படித்தான். ரூம் 3க்கு 4 மீட்டர்னா 12 சதுர மீட்டர், அதுல பத்துல ஒரு பங்கு, 1.2 சதுர மீட்டராவது ஜன்னல் இருக்கணும், காத்து தடையில்லாம வர்ற திறப்பு மட்டும் தரையில 5 சதவீதம், 0.6 சதுர மீட்டர் வேணும். அழகா இருக்குனு திறக்கவே முடியாத கண்ணாடியா மாட்டினா வெளிச்சத்துக்கு ஓகே, காத்துக்கு ஃபெயில். மொத செமஸ்டர்ல பாதிப் பேரு இங்கதான் மாட்டுவாங்க.

இன்னொரு விஷயம், பினாங்குல இருந்துக்கிட்டு இதப் படிக்கிறது பெரிய வசதிங்க. ஜார்ஜ்டவுன் 2008லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, பழைய கடைவீட்டுல கை வைக்கணும்னா மொதல்ல இருக்கிறத இருக்கிறபடி அளந்து வரையணும். லெபோ பாசார் பக்கம் போய் பாருங்க, முன்னால அஞ்சடினு சொல்ற கூரை போட்ட நடைபாதை, உள்ள போனா குறுகலா நீளமா ஓடும், நடுவுல வானம் தெரியிற மாதிரி காத்து வெளிச்சத்துக்கு ஒரு திறந்த முற்றம், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட சேந்த சுவரு. இந்த வீட்டுல எந்த மூலையும் சரியா 90 டிகிரி இருக்கும்னு நம்பாதீங்க, முன்னால ஒரு அகலம் பின்னால ஒரு அகலம் இருக்கும். அதனால நாலு சுவர மட்டும் அளந்துட்டு வந்துடாதீங்க, மூலைக்கு மூலை குறுக்க ரெண்டு அளவும் எடுங்க, அந்த ரெண்டும் வித்தியாசமா இருந்தா ரூம் கோணல். அப்புறம் கதவு, ஜன்னல், தூண் எல்லாத்தையும் ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்குனு தொட்டுத் தொட்டு அளக்காம, ஒரே மூலையில டேப்பப் புடிச்சி வரிசையா படிச்சி எழுதுங்க, இல்லாட்டி ஒவ்வொண்ணுலயும் வர்ற அஞ்சு மில்லி தப்பு சேந்து கடைசியில சுவரு பக்கத்து வீட்டுக்குள்ள போயி நிக்கும். லேசர் மீட்டர் வாங்கினாலும் இந்தப் பழக்கம் வேணும்.

சாஃப்ட்வேர் பத்தி ரொம்பக் கவலப்படாதீங்க. மொதல்ல பிளான் வரையிற ஆட்டோகேட் நல்லா வரட்டும், மாணவங்களுக்கு ஓசியிலயே குடுக்கிறாங்க, மில்லியில நிஜ அளவுலயே வரைங்க, 1:100, 1:50னு அளவச் சுருக்கிறதெல்லாம் பிரிண்ட் எடுக்கிறப்போதான். கட்டடத்தையே 3டி மாடலா கட்டுற ரெவிட் அப்புறம். செக்‌ஷன் (கட்டடத்த நடுவுல வெட்டிப் பாத்த மாதிரி படம்) வரையத் தெரியாம ரெவிட்டத் தொட்டா அது குடுக்கிறதெல்லாம் சரினு நம்பிடுவீங்க.

கேள்வி: சார், நான் ஒரு ஆஃபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன். நான் வரைஞ்ச பிளான்ல நானே சைன் போட்டு மஜ்லிஸ்ல, அதான் நகராட்சியில, குடுக்க முடியுமா? இல்ல ஆர்க்கிடெக்ட் ஆனாதானா?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சும்மா போட முடியாது. 1967 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவுல, அதான் ஆர்க்கிடெக்ட் வாரியத்துல, பதிஞ்சிருக்கணும். நல்ல சேதி என்னன்னா பில்டிங் டிராஃப்ட்ஸ்மேனுக்குனே அங்க தனிப் பதிவு இருக்கு, ஆனா சின்னக் கட்டடத்துக்கு மட்டும்தான், காண்டோ எல்லாம் கனவு காணாதீங்க. பீம், தூண் கணக்குக்கு எப்படியும் இன்ஜினியர் வேணும். ஆர்க்கிடெக்ட் ஆகணும்னா பார்ட் 1, அது டிகிரி, அப்புறம் பார்ட் 2, அதுக்கப்புறம் வேலை அனுபவத்தோட பார்ட் 3 பரீட்சை, வருஷக்கணக்கா இழுக்கும். குடும்பம் குட்டினு இருந்தா டிராஃப்ட்ஸ்மேன் பதிவே மேல்னு நான் சொல்லுவேன், அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. லெம்பாகாவுக்கே நேரா போயி உங்க சர்டிபிகேட்டுக்கு எது பொருந்தும்னு கேளுங்க, வெளிய ஏஜென்ட் சொல்றத நம்பிக் காசக் குடுக்காதீங்க.

கேள்வி: தம்பி, என் மக ராத்திரி பூரா அட்டைய வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, மாடலாம். அட்டைக்கே காசு கரையுது. இது தேவையா?
ஒரு அம்மா, ஆயர் ஈத்தாம்

பதில்: தேவைதாங்கக்கா, திரையில பாக்கிறப்போ தெரியாத தப்பு மாடல்ல பளிச்சினு தெரிஞ்சிடும். ஆனா நல்ல அட்டை கடைசி மாடலுக்கு மட்டும் போதும், அதுக்கு முன்னாடி பண்றதெல்லாம் பிஸ்கட் டப்பா, டிவி வந்த பெட்டி எதுலயும் வெட்டலாம், வாத்தியார் கேட்டா ஸ்டடி மாடல்னு சொல்லச் சொல்லுங்க. காசு போட வேண்டியது பிளேடுலதான், மழுங்கினதால வெட்டினா வழுக்கி விரல்ல ஏறிடும், அடிக்கடி மாத்தச் சொல்லுங்க.